இணையக் குழுப்போர் விளையாட்டுகளில் வலிமை போனஸ்

இணையக் குழுப்போர் விளையாட்டுகளில் வலிமை போனஸ் என்பது, ஒரு படையின் இயல்பான தாக்கும் திறனையோ தற்காக்கும் திறனையோ குறிப்பிட்ட சதவீதம் உயர்த்தும் விதியாகும். ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் ஒரே வரைபடத்தில் ஊர்களை அமைத்து, படை திரட்டி, ஒருவரையொருவர் தாக்கிக்கொள்ளும் உத்தி விளையாட்டுகளில் இது இடம்பெறுகிறது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சேர்ந்து அமைக்கும் குழுவுக்கு விளையாட்டைப் பொறுத்து கில்டு, கிளான், அலையன்ஸ், ட்ரைப் என்று வெவ்வேறு பெயர்கள் உண்டு. இக்கட்டுரையில் அவை அனைத்தும் குழு என்றே குறிக்கப்படுகின்றன.

இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் சண்டையைக் கண்ணால் பார்க்க முடியாது. படை போய்ச் சேர்ந்த நொடியில் சர்வர் ஒரு கணக்கைப் போடும். யார் வென்றார், எத்தனை பேர் மடிந்தனர் என்ற அறிக்கை இரு தரப்புக்கும் வந்துசேரும். அந்தக் கணக்கில் போனஸ் எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரியாமல் படையனுப்பும் ஆட்டக்காரர், பல வாரம் சேர்த்த படையை ஒரே இரவில் இழக்க நேரிடும். அவரை நம்பித் துணைப்படை அனுப்பிய குழுவினரும் சேர்ந்தே இழப்பார்கள். கடையில் பணம் கொடுத்து போனஸ் வாங்குவோருக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியம்.

இதை விளக்க டிரைபல் வார்ஸ் என்ற விளையாட்டு மிகவும் ஏற்றது. இது 2003-ல் ஜெர்மனியில் 'டீ ஷ்டெம்மே' என்ற பெயரில் தொடங்கியது, உலாவியிலேயே ஆடக்கூடியது. இதன் எண்கள் சிறியவை, விதிகள் ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாகத் தெரிந்தவை. எனவே ஒரு தாளும் பேனாவும் இருந்தால் கணக்கைச் சரிபார்க்கலாம். இவ்விளையாட்டு பல 'உலகங்களாக' நடத்தப்படுகிறது. உலகத்துக்கு உலகம் சில விதிகள் மாறும். கீழே வருபவை பொதுவான அமைப்புக்கு உரியவை.

அடிப்படை வலிமை

போனஸ் ஒரு சதவீதம். சதவீதம் என்றாலே எதன்மீது என்ற கேள்வி எழ வேண்டும். இங்கே அது அடிப்படை வலிமையின்மீது ஏறுகிறது.

டிரைபல் வார்ஸில் ஒரு கோடரி வீரரின் தாக்கும் வலிமை 40. இலகு குதிரை வீரரின் தாக்கும் வலிமை 130. தற்காப்புக்கு ஒரே எண் கிடையாது; வருகிற எதிரி யார் என்பதைப் பொறுத்து அது மாறும். ஈட்டி வீரர் காலாட்படையை எதிர்த்து நின்றால் அவர் மதிப்பு 15; குதிரைப்படையை எதிர்த்து நின்றால் 45. வாள் வீரர் காலாட்படைக்கு எதிராக 50 பெறுவார். குதிரைப்படைக்கு எதிராக அவர் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஈட்டி வீரர்கள் 4,000 பேர் ஓர் ஊரில் இருப்பதாகக் கொள்வோம். குதிரைப்படை வந்தால் அவர்களின் வலிமை 1,80,000. கோடரிப் படை வந்தால் வெறும் 60,000. அந்த ஊரைச் சுற்றி 20-ஆம் நிலை மதில் இருக்கிறது, அது தற்காப்பை 107 சதவீதம் உயர்த்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும், 60,000 என்பது ஏறக்குறைய 1,24,000 ஆகத்தான் உயரும். பொருந்தாத வீரர் உயர்ந்த மதிலுக்குள் நிற்பதைவிடப் பொருந்தும் வீரர் திறந்த வெளியில் நிற்பதே வலிமையானது. போனஸைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சரியான படைவகையைத் தேர்ந்தெடுப்பது இந்த விளையாட்டில் மூன்று மடங்கு வேறுபாட்டைத் தருகிறது. அதற்குச் செலவு கிடையாது.

எதிரி காலாட்படையையும் குதிரைப்படையையும் கலந்து அனுப்பினால், தாக்கும் வலிமையில் எது எவ்வளவு பங்கு என்று பார்த்துத் தற்காப்பும் அதே விகிதத்தில் கணக்கிடப்படும். பாதிக்குப் பாதி என்றால் ஈட்டி வீரரின் மதிப்பு 15-க்கும் 45-க்கும் நடுவில், அதாவது 30 ஆக அமையும்.

தனிவட்டியும் கூட்டுவட்டியும்

ஒரே படைக்குப் பல இடங்களிலிருந்து போனஸ் வரும். ஆராய்ச்சியில் 20 சதவீதம், படைத் தலைவரால் 20 சதவீதம், குழுவால் 20 சதவீதம் வருவதாகக் கொள்வோம். மொத்தம் எவ்வளவு? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. எது சரி என்பதை விளையாட்டை உருவாக்கியவரின் விதிதான் முடிவுசெய்யும்.

முதல் முறையில் சதவீதங்களைக் கூட்டிவிட்டு ஒரே தடவை ஏற்றுவார்கள். 100 வலிமை 160 ஆகும். பள்ளியில் படித்த தனிவட்டிக் கணக்கு இது. எல்லா வட்டியும் முதல் அசலுக்கு மட்டுமே. இரண்டாவது முறையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். 100 என்பது 120 ஆகி, 144 ஆகி, 172.8 ஆகும். இது கூட்டுவட்டி. மூன்று போனஸ்களில் 12.8 புள்ளி வேறுபாடு. ஏழெட்டுப் போனஸ்கள் சேரும் கைபேசி விளையாட்டுகளில் இந்த இடைவெளி மிகப் பெரிதாகிவிடும்.

பல விளையாட்டுகள் இரண்டையும் கலந்தே கையாளுகின்றன. ஒரே வகையைச் சேர்ந்த போனஸ்கள் தங்களுக்குள் கூட்டப்படும். வெவ்வேறு வகைகள் ஒன்றையொன்று பெருக்கும். டிரைபல் வார்ஸில் மதிலின் ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையின்மீது 3.7 சதவீதம் ஏறுகிறது. 10-ஆம் நிலையில் 44 சதவீதமும் 20-ஆம் நிலையில் 107 சதவீதமும் வருவது இதனால்தான். தனிவட்டி முறையாக இருந்தால் 20-ஆம் நிலை 74 சதவீதம்தான் தந்திருக்கும். 2004-ல் வந்த டிராவியன் விளையாட்டிலும் இதே முறைதான். அங்கே மதிலின் பெருக்கம் இனத்துக்கு இனம் வேறுபடும். ரோமானியர் மதில் நிலைக்கு 3 சதவீதம், கால் இனத்தவர் வேலி 2.5 சதவீதம், டியூட்டன் இனத்தவர் மண்சுவர் 2 சதவீதம். பார்வைக்கு அரை அரை சதவீத வேறுபாடுதான். 20 நிலை ஏறியபின் அவை முறையே 81, 64, 49 சதவீதமாக விரிந்து நிற்கின்றன.

கூட்டல் முறையில் இன்னொரு விளைவு உண்டு. ஒருவரிடம் ஏற்கெனவே 200 சதவீதம் போனஸ் இருந்தால் அவர் படை 100-க்கு 300 வலிமையோடு நிற்கிறது. அவர் மேலும் 10 சதவீதம் சேர்த்தால் 310 ஆகும். அவர் உண்மையில் பெற்ற வளர்ச்சி 3.3 சதவீதமே. போனஸே இல்லாத புதியவர் அதே 10 சதவீதத்தை வாங்கினால் முழுதாக 10 சதவீதம் வளர்வார். கடையில் இருவருக்கும் விலை ஒன்றாக இருக்கலாம்.

எதிரியின் வலிமையைக் குறைக்கும் போனஸ்கள் வேறு கணக்கில் வரும். எதிரியின் தற்காப்பை 20 சதவீதம் குறைப்பது, தன் தாக்குதலை 25 சதவீதம் உயர்த்துவதற்குச் சமம். ஏனென்றால் 100-ஐ 80-ஆல் வகுத்தால் 1.25. எதிரியை 50 சதவீதம் குறைத்தால் தன் வலிமை இரட்டித்ததற்குச் சமம். 'குறைக்கும்' போனஸ் சிறியதாகத் தெரிந்தாலும் கையில் பெரிதாக இருப்பது இதனால்தான். கிறித்தவக் கோயில் விதி உள்ள டிரைபல் வார்ஸ் உலகங்களில், கோயிலின் எல்லைக்கு வெளியே உள்ள படை பாதி வலிமையோடுதான் போரிடும். அதை ஈடுகட்ட வேறு இடத்தில் 100 சதவீதம் தேட வேண்டும்.

இழப்புக் கணக்கு

வலிமைகள் கணக்கிடப்பட்டபின் பெரிய எண் வெல்லும், சிறிய எண்ணுடையவர் முழுப் படையையும் இழப்பார். வென்றவரின் இழப்பை நிர்ணயிக்கும் விதி சுவையானது. தோற்றவரின் வலிமையை வென்றவரின் வலிமையால் வகுத்து, வரும் விகிதத்தை 1.5 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். கால்குலேட்டரில் 1.5 அடுக்கு இல்லையென்றால், விகிதத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும்.

6,000 கோடரி வீரர் ஓர் ஊரைத் தாக்குகின்றனர். தாக்கும் வலிமை 2,40,000. ஊரில் 4,000 வாள் வீரர் உள்ளனர், தற்காப்பு 2,00,000. மதில் இல்லை. விகிதம் 0.833, அதன் 1.5 அடுக்கு 0.76. தாக்கியவர் வெல்கிறார், ஆனால் 76 சதவீதம் பேரை, அதாவது சுமார் 4,560 வீரரை இழந்து வெல்கிறார். ஊரின் காவலர் 4,000 பேரும் மடிகின்றனர்.

அதே ஊரில் 20-ஆம் நிலை மதில் இருக்கட்டும். தற்காப்பு 4,14,000 ஆகிறது. (மதில் தானாகத் தரும் சிறிய நிலையான வலிமை ஒன்றும் உண்டு, அது ஆயிரத்துச் சொச்சமே என்பதால் இங்கே விடப்பட்டுள்ளது.) இப்போது தாக்கிய 6,000 பேரும் மடிகின்றனர். காவலரின் இழப்பு 44 சதவீதம், சுமார் 1,766 பேர்.

மதிலை இடிக்கும் பொறிகளை எதிரி முன்னதாக அனுப்பி, மதிலை 10-ஆம் நிலைக்குத் தாழ்த்திவிட்டால்? தற்காப்பு 2,88,000. காவலர் இன்னும் வெல்வார்கள். ஆனால் 2,40,000-ஐ 2,88,000-ஆல் வகுத்தாலும் அதே 0.833 வருகிறது. இழப்பு 76 சதவீதம். 4,000 பேரில் ஆயிரத்துக்கும் குறைவானவரே மிஞ்சுவார்கள். அடுத்து வரும் சிறுபடைகூட அந்த ஊரை முடித்துவிடும். ஒரே சண்டை, ஒரே படைகள். மதிலின் நிலை மட்டும் 20, 10, 0 என மாறுகிறது. முடிவு வெற்றியிலிருந்து பெயரளவு வெற்றிக்கும், அங்கிருந்து அழிவுக்கும் சரிகிறது.

ஒரு போனஸ் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு ஒரே விடை இல்லை என்பதும் இதிலிருந்து தெரியும். இரு படைகளும் சமமாக இருக்கும் இடத்தில் 10 சதவீதம் கூடுதல் வலிமை பெற்றவர், 87 சதவீதத்தை இழந்தாலும் 13 சதவீதத்தோடு களத்தில் நிற்பார். மற்றவருக்கு எதுவும் மிஞ்சாது. ஏற்கெனவே இரு மடங்கு வலிமை உள்ளவருக்கு அதே 10 சதவீதம் கிடைத்தால் இழப்பு 35-லிருந்து 31 சதவீதமாகக் குறையும். நல்லதுதான், ஆனால் ஆட்டத்தை மாற்றாது. எதிரியின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாதவருக்கு 10 சதவீதம் கிடைத்தாலும் அவர் முழுதாகத் தோற்பார். போனஸ் கூர்மையாக வேலைசெய்வது இரு தரப்பும் நெருங்கி நிற்கும் இடத்தில் மட்டுமே.

எண்ணிக்கையும் ஒரு போனஸ்

குழுவில் இருப்பதன் பெரிய பயன் அறிவிப்புப் பலகையில் சதவீதமாக எழுதப்பட்டிருக்காது. அது மேலே கண்ட 1.5 அடுக்குக்குள் ஒளிந்திருக்கிறது.

20-ஆம் நிலை மதிலுள்ள அந்த ஊருக்கே திரும்புவோம். குழுவில் உள்ள ஒருவர் தன் ஊரிலிருந்து மேலும் 4,000 வாள் வீரரைத் துணைக்கு அனுப்புகிறார். மொத்தம் 8,000 பேர், தற்காப்பு 8,28,000. தாக்குவது அதே 2,40,000. இழப்பு 15.6 சதவீதம், அதாவது 1,248 பேர். மூன்றாமவரும் 4,000 பேரை அனுப்பினால் 12,000 பேர் நிற்பார்கள்; இழப்பு 8.5 சதவீதம், 1,019 பேர்.

சதவீதம் குறைவது இயல்பு. வியப்பு என்னவென்றால், நிற்பவர் கூடக்கூட மடிபவரின் எண்ணிக்கையே குறைகிறது: 1,766, 1,248, 1,019. தனியாக நின்றவர் 1,766 பேரை இழந்திருப்பார். மூவர் சேர்ந்து நின்றால் ஆளுக்கு 340 பேர்தான் இழப்பு. படை எத்தனை மடங்காகிறதோ அதன் வர்க்கமூலத்தால் மொத்த இழப்பு வகுபடுகிறது என்பதை மாணவர்கள் எளிதில் நிறுவலாம். துணைப்படை அனுப்பத் தயங்கும் புதிய உறுப்பினர்களிடம் குழுத் தலைவர்கள் எடுத்துக்காட்ட வேண்டிய கணக்கு இதுவே. 'என் ஆட்கள் ஏன் அவர் ஊருக்காகச் சாக வேண்டும்' என்று கேட்பவருக்கு, அனுப்பாவிட்டால்தான் அதிகம் பேர் சாவார்கள் என்பதே விடை.

இந்த எண்ணம் கணினிக்கு முந்தியது. மோட்டார் கார் வடிவமைப்பாளராகப் புகழ்பெற்ற ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர், 1916-ல் வெளியான தம் நூலில், தொலைவிலிருந்து சுடும் படைகளின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காட்டினார். ஒவ்வொரு வீரரும் எந்த எதிரியையும் குறிவைக்க முடியும் என்றால், எண்ணிக்கையை இரட்டிப்பது தரத்தை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். ஒருவருக்கு ஒருவர் என்று கைகலக்கும் பழைய போர்முறையில் எண்ணிக்கையும் தரமும் ஒரே எடை பெறும் என்பதும் அவர் கணக்கு. டிரைபல் வார்ஸில் ஈட்டியும் வாளுமே ஆயுதங்கள் என்றாலும் அதன் விதி திரண்டு நிற்பவருக்குச் சாதகமாக, இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்டதாகவே தோன்றுகிறது.

தாக்குதலில் இந்த வசதி கிடையாது. டிரைபல் வார்ஸில் ஊருக்குள் துணைப்படைகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். தாக்கும் படைகளோ ஒவ்வொன்றும் தனித்தனியாக மோதும். ஒரே குழுவைச் சேர்ந்த ஐந்து பேர் அடுத்தடுத்த நொடிகளில் தாக்கினாலும் அவை ஐந்து தனிச் சண்டைகளே. ஆகவே முதலில் செல்லும் படை மதிலை இடிக்கவும், பின்னால் வருபவை குறைந்த மதிலை எதிர்கொள்ளவும் நேரம் குறித்து அனுப்புவது குழுவின் முக்கிய வேலையாகிறது. மதில் போனஸை ஒழிப்பதே தாக்குபவரின் போனஸ்.

யாருடைய போனஸ் செல்லும்

பலர் படை சேர்த்துப் போரிடும்போது யாருடைய போனஸ் கணக்கில் வரும் என்பதில் விளையாட்டுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. குழுவின் உள்விவகாரங்கள் பலவும் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கின்றன.

டிரைபல் வார்ஸில் மதில் ஊருக்குச் சொந்தம். அந்த ஊருக்குள் நிற்கும் எவருடைய படைக்கும் அதன் பயன் கிடைக்கும். துணைக்கு வந்தவரின் சொந்த ஊர் மதில் எவ்வளவு உயரம் என்பது இங்கே பொருட்டில்லை. எனவே எல்லை ஊர்களில் மதில் கட்டச் சொல்லிக் குழு வற்புறுத்தும்.

கைபேசியில் 2016-ல் வந்த லார்ட்ஸ் மொபைலில் பலர் சேர்ந்து ஒரு படையெடுப்பை நடத்தலாம். அதில் தலைமை தாங்குபவரின் போனஸ்கள் சேர்ந்த படை முழுவதற்கும் பொருந்தும். மற்றவர்கள் தரமான வீரர்களைக் கொடுத்தால் போதும். இதனால் குழுவில் ஒருவரோ இருவரோ ஆராய்ச்சியிலும் கருவிகளிலும் பெரும் முதலீடு செய்து 'படைத் தலைவர்' ஆகிறார்கள். ஏனையோர் அவருக்கு ஆள் சேர்ப்பவராகிறார்கள். குழுவுக்கு இது சிக்கனமான ஏற்பாடு. தலைமை தாங்குபவர் விலகிவிட்டால் குழுவே நொடிந்துபோகும் என்பது அதன் மறுபக்கம்.

விண்வெளிப் பின்னணியில் 2002-ல் தொடங்கிய ஓகேம் விளையாட்டில் ஒவ்வொருவர் கப்பலும் அவரவர் தொழில்நுட்ப நிலையோடுதான் போரிடும். கூட்டாகத் தாக்கினாலும் ஒருவரின் முன்னேற்றம் இன்னொருவர் கப்பலுக்கு ஏறாது. பின்தங்கிய உறுப்பினரின் கப்பல்கள் முதலில் வெடிக்கும். ஆக, ஓகேம் குழுக்கள் எல்லோரும் ஓரளவு சமமாக வளர்வதையே விரும்பும்.

டிராவியனில் குழுவுக்கென்றே பொது போனஸ் உண்டு. உறுப்பினர்கள் தங்கள் மரம், களிமண், இரும்பு, தானியத்தைப் பொதுவில் போட்டு நான்கு துறைகளை வளர்க்கலாம். அவற்றுள் ஆயுதங்களுக்கான உலோகவியல் துறை ஐந்து படிகளைக் கொண்டது; படிக்கு 2 சதவீதமாக 10 சதவீதம் வரை தாக்கும் வலிமையும் தற்காப்பும் உயரும். கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே பயன் என்பதால், கிராமத்துப் பொது ஊருணியைத் தூர்வாரும்போது எழும் அதே சண்டை இங்கேயும் எழும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைக் குழுக்கள் வைத்திருப்பது இதற்காகவே. இதே விளையாட்டில் நாயகனின் தாக்குதல் போனஸ் தனி. அது அவனோடு செல்லும் படைக்கு அதிகபட்சம் 20 சதவீதம் தரும்.

வாசல் எண்கள்

மேலே கண்டவை எல்லாம் படிப்படியாக ஏறும் பயன்கள். சில போனஸ்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொடும்வரை ஒன்றுமே செய்யாது. தொட்டவுடன் எல்லாவற்றையும் மாற்றும். ஓகேம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அங்கே ஆயுதத் தொழில்நுட்பத்தின் ஒவ்வொரு நிலையும் அடிப்படைத் தாக்குதலை 10 சதவீதம் உயர்த்தும். இது கூட்டல் முறை. 10 நிலை ஏறினால் தாக்குதல் இரட்டிக்கும். கேடயத்துக்கும் கவசத்துக்கும் இதே கணக்குதான். ஒரு குண்டு எதிரியின் கேடயத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அது பட்டுத் தெறித்துவிடும். எந்தச் சேதமும் ஏற்படாது என்பது தனி விதி. சிறிய போர்க்கப்பலின் தாக்குதல் 50. பெரிய கேடயக் கூடாரத்தின் கேடயம் 10,000. அதில் 1 சதவீதம் 100. ஆகவே தொழில்நுட்பம் இல்லாத சிறு கப்பல்கள் ஒரு லட்சம் சேர்ந்து சுட்டாலும் அந்தக் கூடாரத்தில் கீறல் விழாது. ஆயுதத் தொழில்நுட்பம் 11-ஆம் நிலையை எட்டினால் தாக்குதல் 105 ஆகும். அப்போது ஒவ்வொரு குண்டும் கேடயத்தைத் தின்னும்.

எதிரியும் தன் கேடயத் தொழில்நுட்பத்தை 11-க்கு உயர்த்தினால் கேடயம் 21,000 ஆகும். வாசல் 210-க்கு நகர்ந்துவிடும். 105 மீண்டும் வீண். போனஸை எப்போதும் எதிரியின் போனஸோடு வைத்தே மதிப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பலவீனருக்கான போனஸ்

மேலே கண்ட விதிகளை அப்படியே விட்டால் பெரியவர் மேலும் பெரியவராவார். புதிதாக வந்தவர் ஒரு வாரத்தில் விளையாட்டை விட்டுப் போவார். அதைத் தடுக்க உருவாக்குபவர்கள் எதிர்த்திசையில் இழுக்கும் விதிகளைச் சேர்க்கின்றனர்.

டிரைபல் வார்ஸில் அதற்குப் பெயர் மன உறுதி. தாக்குபவரின் புள்ளிகள் தற்காப்பவரின் புள்ளிகளைவிட மிக அதிகமாக இருந்தால் தாக்கும் படையின் வலிமை குறைக்கப்படும். தற்காப்பவரின் புள்ளிகளைத் தாக்குபவரின் புள்ளிகளால் வகுத்து, மூன்றால் பெருக்கி, 0.3 கூட்ட வேண்டும்; ஒன்றைத் தாண்டினால் ஒன்று என்றே கொள்ள வேண்டும். பத்து மடங்கு பெரியவர் தாக்கினால் விடை 0.6. முதலில் பார்த்த மதிலற்ற ஊரையே அவர் தாக்கினால் 2,40,000 வலிமை 1,44,000 ஆகச் சுருங்கும். 76 சதவீத இழப்போடு வென்றிருக்க வேண்டியவர் முழுப் படையையும் இழப்பார். 4,000 காவலரில் 1,500-க்கும் மேற்பட்டோர் பிழைப்பார்கள். எவ்வளவு பெரியவர் வந்தாலும் வலிமை 30 சதவீதத்துக்குக் கீழே போகாது. தற்காப்பவர் தாக்குபவரில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே இந்தப் பாதுகாப்பு முழுதாக நீங்கிவிடும்.

இந்த விளையாட்டில் புள்ளிகள் கட்டடங்களுக்கு மட்டுமே. படைக்குப் புள்ளி இல்லை. இதைப் புரிந்துகொண்டவர் தேவையற்ற கட்டடங்களைக் கட்டாமல், புள்ளி குறைவாகவும் படை மிகுதியாகவும் வைத்திருப்பார். பலவீனருக்கென்று செய்த விதியைப் பலவான் போர்த்திக்கொள்வது அது.

அதிர்ஷ்டம் என்ற மற்றொரு காரணி தாக்குதல் வலிமையை 25 சதவீதம் வரை ஏற்றவோ இறக்கவோ செய்யும். 10-ஆம் நிலை மதிலுக்குப் பின்னே இருந்த 2,88,000 வலிமையை மீண்டும் எடுத்துக்கொண்டால், அதிர்ஷ்டம் முழுதாகக் கைகொடுத்தால் தாக்குபவரின் 2,40,000 என்பது 3,00,000 ஆகி ஊர் விழும். அவரிடம் மிஞ்சுபவர் 360-க்கும் குறைவு. கைவிட்டால் அது 1,80,000 ஆகி, காவலரில் பாதிப்பேர் தப்புவார்கள். சில உலகங்களில் இரவு போனஸும் உண்டு. குறித்த மணி நேரங்களில் தற்காப்பு இரட்டிக்கும். தூங்கி எழுந்து பள்ளிக்கும் வேலைக்கும் செல்பவர், இரவெல்லாம் விழித்திருப்பவரிடம் தோற்கக் கூடாது என்பதற்கான விதி இது. இவ்வகை விளையாட்டுகள் அனைத்திலும் இருக்க வேண்டியது இதுவே எனலாம்.

திரையில் தெரியும் எண்

பல கைபேசி விளையாட்டுகள் ஒவ்வொருவர் பெயருக்கும் அருகே மொத்த வலிமை என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டும். லார்ட்ஸ் மொபைலில் இதற்கு மைட் என்று பெயர். அந்த எண்ணில் படை மட்டுமல்லாமல் கட்டடம், ஆராய்ச்சி ஆகியவையும் சேர்ந்திருக்கும். பண்டகசாலையைப் பெரிதாக்கினாலும் அது ஏறும். பண்டகசாலை சண்டைக்கு வராது. இரண்டு பேரின் மொத்த எண் ஒன்றாக இருக்கும்போதே ஒருவர் படை மற்றவர் படையை எளிதில் அழித்துவிடும் நிகழ்வுக்கு இதுவே காரணம்.

பணத்துக்கு விற்கப்படும் போனஸ்கள் பெரும்பாலும் சில மணி நேரமோ ஒரு நாளோ நீடிப்பவை. வாங்கும்முன் கேட்க வேண்டியவை மூன்று. இந்தச் சதவீதம் ஏற்கெனவே உள்ளவற்றோடு கூட்டப்படுமா, பெருக்கப்படுமா? எல்லாப் படைக்கும் பொருந்துமா, ஒரு வகைக்கு மட்டுமா? எதிரியோடு உள்ள வலிமை விகிதம் ஒன்றுக்கு அருகில் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், முதல் இரண்டும் எப்படி இருந்தாலும் அந்தச் செலவால் முடிவு மாறாது.

டிரைபல் வார்ஸ், டிராவியன் இரண்டிலும் படை திரளும் இடத்திலேயே சண்டைக் கணிப்பான் ஒன்று இலவசமாக உள்ளது. இரு தரப்புப் படை எண்ணிக்கையையும் மதில் நிலையையும் இட்டால் இழப்பைக் காட்டும். ஒரே நேரத்தில் பல எண்களை மாற்றாமல், மதிலை மட்டும், பிறகு படைவகையை மட்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் எந்தப் போனஸ் எவ்வளவு எடை பெறுகிறது என்பது சில நிமிடங்களில் விளங்கும். டிரைபல் வார்ஸ் கணிப்பானில் அதிர்ஷ்டத்தை இயல்பாகச் சுழியம் என்று விட்டுவிடுவார்கள். தாக்கப் போகிறவர் அதில் கழித்தல் 25-ஐ இட்டுப் பார்ப்பது நல்லது. அப்போதும் வெற்றி என்று காட்டினால் படையை அனுப்பலாம்.